கண்காணிப்பும் கூட்டுழைப்பும்: வட்டவளைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

செயற்றிட்ட முகாமைத்துவம் எனப்படும் துறை இன்று எமது பல்கலைக்கழகங்களில் தனியொரு பாடநெறியாகக் கற்பிக்கப்படுகின்றது. கூட்டாக இயங்குதல், வேலையைப் பகுத்தல், கால அட்டவணை வகுத்தல், செலவை மதிப்பிடுதல், தரத்தைக் கட்டுப்படுத்தல் என்பன அதன் அடிப்படை எண்ணக்கருக்கள். அவை தோன்றிய கதையைப் பாடநூல்கள் ஏறத்தாழ ஒரே வகையாகவே சொல்கின்றன. 1911 இல் ஃபிரெடெரிக் டெய்லர் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றி நூல் எழுதினார். அவருடன் பணியாற்றிய ஹென்றி காண்ட் வேலையையும் காலத்தையும் ஒருசேரக் காட்டும் வரைபடத்தை வகுத்தார். 1924 இல் வால்டர் ஷூஹார்ட் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை அறிமுகஞ் செய்தார். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைத் திட்டத்தோடு இத்துறை தன் முழு வடிவத்தைப் பெற்றது என்பது அக்கதை. தொழிற்சாலைக்கும் படைத்துறைக்கும் அதில் இடமுண்டு. தோட்டத்துக்கு இடமில்லை.

இது தற்செயலானதன்று. மேற்சொன்ன எண்ணக்கருக்களுள் எதனையும் நூலில் கற்காமலே, ஆயிரக்கணக்கான மனிதரின் உழைப்பை ஒரு நாளின் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஒழுங்குபடுத்தி, அதன் விளைபொருளைத் தரம் பிரித்து, இலண்டன் சந்தையில் குறித்த வாரத்தில் இறக்கிய ஓர் அமைப்பு, டெய்லரின் நூல் அச்சேறுவதற்கு முன்னரே இலங்கையின் மத்திய மலைநாட்டில் நிலைபெற்றிருந்தது. அவ்வமைப்பை முகாமைத்துவத்தின் வரலாற்றுக்குள் சேர்த்தால், முகாமைத்துவம் என்பது யாருடைய அறிவு, அது யாருக்கெதிராகப் பயன்பட்டது என்னும் வினாக்களையும் சேர்த்துக் கேட்கவேண்டி வரும். அவ்வினாக்களையே வட்டவளைப் பகுதியை முன்வைத்து நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

கோட்பாட்டு நிலையில் எமக்கு வழிகாட்டுவது 'மூலதனம்' முதலாம் தொகுதியில் கூட்டுழைப்பைப் பற்றி மார்க்ஸ் எழுதிய அத்தியாயமாகும். பலர் ஒருங்கே கூடிச் செய்யும் எந்த வேலைக்கும் ஒரு நெறிப்படுத்தல் தேவை என்பதை மார்க்ஸ் மறுக்கவில்லை. தனித்து வாசிக்கும் வயலின் கலைஞன் தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்வான்; பல்லியக் குழுவுக்கோ தனியொரு நெறியாளன் வேண்டும் என்பது அவர் காட்டும் உவமை. ஆனால் முதலாளித்துவ உற்பத்தியில் இந்நெறிப்படுத்தல் இரட்டைத் தன்மை உடையதாகின்றது. ஒருபுறம் அது கூட்டுழைப்பின் இயல்பான தேவை. மறுபுறம் அது உழைப்பைச் சுரண்டுவதற்கான கருவி. இரண்டும் ஒரே மனிதனின் கையில், ஒரே செயலாகத் தோன்றுவதனால் பின்னதை முன்னதாகவே காட்டுதல் எளிதாகின்றது. அந்நூல் வெளிவந்த 1867 ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இவ்வொற்றுமைக்கு வரலாற்று முக்கியத்துவம் எதுவும் இல்லை. எனினும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது. முகாமைத்துவ நூல்கள் போற்றும் டெய்லர் வேறு, இந்த டெய்லர் வேறு. இவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்த தோட்டத்திலிருந்து 1892 இல் பணிநீக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே மாண்டார்.

வட்டவளை, நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் மேற்குச் சரிவில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றி வந்து மோதும் இடம். ஆண்டு மழைவீழ்ச்சி ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. இலங்கையின் மிக ஈரமான இடங்களைப் பற்றிப் பேசும் எந்தப் புவியியல் நூலும் வட்டவளையின் பெயரைத் தவறவிடுவதில்லை. 1874 இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதப் பாதை பத்தாண்டுகள் கழிந்து, 1884 இல், இங்குருஓயா, கலபொட, வட்டவளை, றொசல்ல வழியாக அட்டனை அடைந்தது. மழையும் புகையிரதமும் இப்பகுதித் தோட்டங்களின் வரலாற்றை நிர்ணயித்த இரு புறநிலைக் காரணிகள். இவற்றுள் மழையை எம்மவர் இயற்கை வருணனையாக மட்டுமே எழுதி வந்துள்ளனர். அது கூலிப் பிரச்சினையும் ஆகும் என்பதைப் பின்னர் காண்போம்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்துக்குத் தமிழகத்திலிருந்து கூட்டங் கூட்டமாக வந்து, பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். இன்றைய பாடநூல் மொழியில் கோப்பி அறுவடை ஒரு செயற்றிட்டம். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. தேயிலைக்கு முடிவில்லை. ஆண்டு முழுவதும் துளிர்க்கும் செடியில் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். சுற்றுப் பிந்தினால் தளிர் முற்றிவிடும். முற்றிய இலை தேயிலையின் தரத்தைக் கெடுக்கும். ஒரு மலையில் திங்கட்கிழமை எடுத்தால் அடுத்த திங்களுக்குள் அதே நிரைக்கு மீண்டும் வரவேண்டும். (மலையகத்தில் 'மலை' என்பது தேயிலைக் களத்தின் பெயர், ஒவ்வொரு மலைக்கும் இலக்கமுண்டு.) இந்தச் சுற்றே தோட்டத்தின் கால அட்டவணை. இதனை இயக்குவதற்குப் பருவத்துக்கு வந்துபோகும் ஆள் போதாது. குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்கியிருக்கும் ஆள் வேண்டும். நிரந்தர லயங்களும் பெண்களின் உழைப்பும் பிள்ளைக்காம்பராவும் தேயிலைச் செடியின் உயிரியலிலிருந்தும் அதைச் சந்தைப் பண்டமாக்கிய மூலதனத்தின் தேவையிலிருந்தும் ஒருங்கே பிறந்தவை. காண்ட் வரைபடத்தின் கோடுகள் தாளில் வரையப்படுவதற்கு முன்னர் மலைச்சரிவில் நிரைகளாக வரையப்பட்டிருந்தன.

இவ்வமைப்பு தனக்கென ஓர் எழுத்து மரபையும் தோற்றுவித்தது. மலையக இலக்கியத்தின் தொடக்கத்தை ஆராய்வோர் 1869 இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யைக் குறிப்பிடுவதுண்டு. கோப்பிச் செய்கையின் முறைகளைக் கும்மிச் செய்யுட்களில் எடுத்துரைக்கும் நூல் அது. எமது கருத்தில் அதனை மலையக இலக்கியத்தின் முதல் நூல் என்பதிலும், தமிழில் எழுந்த முதல் முகாமைத்துவ நூல்களுள் ஒன்று என்பது பொருத்தமானது. கும்மி, பெண்கள் கூடிக் கைகொட்டி ஆடும் கூத்து. கூட்டியக்கத்தின் சந்தம் அதில் உண்டு. அச்சந்தத்தை எடுத்து, அதற்குள் வேலை வாங்குவோனின் நோக்கு வைக்கப்பட்டது. உழைப்பவரின் கலை வடிவம், உழைப்பவருக்குக் கட்டளை சொல்லும் கருவியாக மாறிய இந்த நிகழ்வை நாம் கருத்துநிலை மேலாண்மையின் தெளிவான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்நூலின் துரைத்தனச் சார்பை மு. நித்தியானந்தன் 'கூலித் தமிழ்' (2014) நூலில் விரிவாகவே வெளிப்படுத்தியுள்ளார். மொழி நயம் மட்டும் கண்டு இதனைப் பாராட்டும் போக்கு எமது பாடநெறிகளில் இனியேனும் தொடரலாகாது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் கண்டறியப்பட்டதும் 1869 ஆம் ஆண்டிலேயே என்பது வரலாற்றின் ஒரு குறும்பு.

கும்மியை அடுத்து, துரைமார் தமிழ் கற்பதற்கென எழுந்த கைநூல்களைக் கருதவேண்டும். ஏ.எம். பெர்குசனின் சின்னத்துரைமாருக்கான தமிழ்க் கைந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பது. டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் 1915 இல் வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. நித்தியானந்தன் தம் நூலுக்குச் சூட்டிய தலைப்பு இதனையே சுட்டுகின்றது. ஒரு மொழியைக் கற்கப் புகுவோன் முதலில் எதைக் கற்கிறான் என்பது அவன் அம்மொழி பேசுவோரோடு கொள்ளவிருக்கும் உறவைக் காட்டும். ஏவல் வினையின் ஒருமை வடிவிலிருந்து தமிழைத் தொடங்கிய இக்கைநூல்களில், இன்றைய பாடநூல்கள் 'தொடர்பாடல்' எனப் போற்றும் எண்ணக்கருவின் தொடக்க வடிவம் கிடக்கின்றது.

கங்காணி என்னும் சொல்லும் இவ்வகையில் ஆராயத்தக்கது. இது 'கண்காணி' என்பதன் திரிபு. சோழர் கல்வெட்டுகளில் கோயிற் சொத்துகளையும் நிவந்தங்களையும் மேற்பார்ப்போர் 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி' செய்வோர் எனக் குறிக்கப்படுகின்றனர். அங்கு கண்காணி என்பது பொதுச் சொத்து முறைகேடாகச் செலவாகாது பார்க்கும் பொறுப்பு. அப்பொறுப்பும் நிலவுடைமையின் நலனுக்குள் அடங்கியதே என்பதை நாம் மறக்கவில்லை. மலையகத்தில் அச்சொல் சொத்தை விட்டு உழைப்பவன்மேல் திரும்பியது. பெரிய கங்காணி ஊரில் ஆள் திரட்டினான். முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கினான். தோட்டத்தில் வேலை வாங்கினான். அவன் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்குச் சில சதம் பெரிய கங்காணிக்குக் கிடைத்தது. ஆதலால் யார் நோயுற்றாலும் மழையில் நனைந்தாலும் பெரட்டுக்கு ஆள் வரவேண்டுமென்பது அவனது சொந்த வருமானப் பிரச்சினையாயிற்று. கங்காணியின் கூட்டம் பெரும்பாலும் ஓரூரார், உறவினர், ஒரே சாதியார். பாடநூல்கள் 'குழு உணர்வு' எனப் போற்றுவதை இவ்வமைப்பு உறவு, சாதி, கடன் ஆகிய மூன்று கயிறுகளால் கட்டி உருவாக்கியது. கடன் தொகையைக் குறித்து எழுதிய துண்டுச் சீட்டே ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான வழி. மாற விரும்பியவனின் கடனைப் புதிய தோட்டம் தீர்த்து அவனை வாங்கிக்கொள்ளும். 1921 இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, குழுவிலிருந்து விலகுவதற்கு விலை இருந்தது. அதற்கு முன்னரே, 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் வேலையை விட்டு ஓடுவதைக் குற்றமாக்கிச் சிறைத் தண்டனை விதித்திருந்தது.

விடியற்காலையில் தப்பு முழங்கும். எல்லோரும் பெரட்டுக் களத்தில் நிற்பர். 'பெரட்டு' என்பது படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்பதன் திரிபு என்பர். அது உண்மையாயின், செயற்றிட்ட முகாமைத்துவம் படைத்துறையிலிருந்து பிறந்தது என்னும் பாடநூற் கதைக்கு மலையகத்திலிருந்தும் ஒரு சான்று கிடைக்கின்றது. பெரட்டுக் களத்தில் அன்றைய வேலை பகுக்கப்படும்: கொழுந்து, கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு, புல்வெட்டு, உரம் போடல், ஸ்டோர் வேலை. இன்ன மலைக்கு இத்தனை ஆள், இன்ன கங்காணி என்று கணக்கப்பிள்ளை குறிப்பார். மாலையில் 'பேர்' விழும். முழுப்பேர், அரைப்பேர் என்பன நாட்கூலியின் அலகுகள். 'எனக்குப் பேர் விழவில்லை' என்று ஒரு தொழிலாளி சொல்லும்போது அவர் அன்றைய உழைப்பு மட்டுமன்றி அன்றைய இருப்பும் மறுக்கப்பட்டதாகவே உணர்கிறார். ஆள், நாள், வேலை என்னும் மூன்றையும் ஒரே தாளில் இணைத்த செக்றோல் என்னும் பதிவேடு, நாம் அறிந்தவரை, இந்நாட்டில் உழைப்பு நேரத்தைத் தொடர்ச்சியாகப் பதிந்த மிக விரிவான ஆவணங்களுள் ஒன்று. இதற்கு மேலே கொழும்பிலிருந்த ஏஜென்சி நிறுவனங்கள், ஆண்டு எஸ்டிமேட், குறித்த காலத்துக்கொருமுறை வந்து தோட்டத்தை மேற்பார்த்து அறிக்கை எழுதும் விசிட்டிங் ஏஜன்ட், அதற்கும் மேலே பல தோட்டங்களுக்கு இலண்டனில் பதிவான கம்பனிகள். செலவு மதிப்பீடு, முன்னேற்ற அறிக்கை, வெளிக் கணக்காய்வு ஆகிய யாவும் இங்கு அமைந்திருந்தன. தேவைக்கு மேல் விரித்துரைக்க இவற்றில் எதுவுமில்லை. எந்தக் குடியேற்ற நாட்டு நிறுவனத்திலும் காணத்தக்கவையே.

மாறாக, தரக் கட்டுப்பாடு என்பது தேயிலைக்கே உரிய சிக்கலான விடயம். இங்கு சற்று நின்று நோக்கவேண்டும்.

தேயிலையின் தரம் எங்கு தீர்மானிக்கப்படுகின்றது? கொழும்பு ஏலத்தில் என்று வணிகர் சொல்வர். 1883 இல் தொடங்கிய அவ்வேலத்தில் சுவைஞர் வாயிலிட்டுத் துப்பிச் சொல்லும் சொல்லுக்கேற்ப விலை அமைகின்றது. சுவைபார்ப்பதற்கெனத் தேயிலைச் சாயத்தை எவ்வாறு தயாரிப்பது என்பதற்குக்கூட 1980 இல் சர்வதேச நியமம் ஒன்று வகுக்கப்பட்டது: நூறு மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிடம். ஸ்டோரில் என்று டீமேக்கர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயமுண்டு. கொழுந்தை வாட்டி, றோலரில் உருட்டி, நொதித்தல் என வழங்கும் ஒட்சியேற்றத்துக்கு விட்டு, உலர்த்தி, சலித்து, பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் எனப் பிரிக்கும் தொடரில் ஒரு கட்டத்தில் அரைமணி பிந்தினாலும் சாயமும் மணமும் மாறும். ஆனால் ஸ்டோர் தரத்தைக் காக்கலாம், கெடுக்கலாம், உண்டாக்க இயலாது. முற்றிய இலையை எந்த இயந்திரமும் கொழுந்தாக்காது. தரம் உண்டாவது இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரலில்.

அவ்விரல் செய்வது என்ன? செடியின் மேல்மட்டத்தை மட்டக்கம்பால் ஒத்துக்கொண்டு, எது எடுக்கத்தக்கது, எது அடுத்த சுற்றுக்கு விடத்தக்கது, எது முற்றிவிட்டதனால் முறித்தெறியத்தக்கது என்பதைக் கண் தீர்மானிப்பதற்குள் கை முடித்துவிடுகின்றது. நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை இத்தீர்மானம் எடுக்கப்படுகின்றது. ஷூஹார்ட் தமது வரைபடத்தால் அடைய முயன்றது, உற்பத்தி முடிந்தபின் கழிவைப் பொறுக்குவதற்குப் பதிலாக உற்பத்தி நடக்கும்போதே பிழையைத் தவிர்ப்பதையே. கொழுந்தெடுக்கும் பெண் அதனை வரைபடமின்றிச் செய்கிறாள். இவ்வறிவு தாயிடமிருந்து மகளுக்கு, பக்கத்து நிரையிலிருந்து இந்நிரைக்குக் கடத்தப்படுவது. 1925 இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கொல்லை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் மண், உரம், நோய், இனவிருத்தி ஆகியவற்றில் செய்த பணி மதிக்கத்தக்கது. எனினும் விரலின் இவ்வறிவு அறிவென்று பெயர் பெறவில்லை. 'பெண்களின் மென்மையான கை' என்னும் சொற்றொடரில் அது இயற்கைக் கொடையாக்கப்பட்டது. இயற்கை தந்ததற்குக் கூலி கொடுக்கவேண்டிய அவசியமில்லை அன்றோ?

கூலியின் கணக்கு இதனை உறுதிப்படுத்தும். 1927 ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி, மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம். கவ்வாத்து வெட்டும் ஆண் தனக்குக் குறித்த எண்ணிக்கைச் செடிகளை முடித்துவிட்டு நண்பகலுக்குப்பின் லயம் திரும்பலாம். கொழுந்தெடுக்கும் பெண் மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்கவேண்டும். தரத்தை உண்டாக்கும் வேலைக்குக் கூலி குறைவாகவும் நேரம் அதிகமாகவும் இருந்தன. சம கூலி 1984 இல்தான், அவ்வாண்டு ஏப்ரல் மாத வேலைநிறுத்தத்தின் பின்னர், கிடைத்தது. அப்போராட்டத்தைத் தொழிற்சங்க வெற்றியாக மட்டும் எழுதுவோர், வேலைகளைத் தரம்பிரித்து நோக்கிய ஒரு முழுக் கருத்துநிலை அன்று ஆட்டங்கண்டது என்பதைக் கவனிப்பதில்லை. ஆட்டங்கண்டது, வீழவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்களை மேற்பார்க்கும் கங்காணி அதன் பின்னரும் நெடுங்காலம் ஆணாகவே இருந்தான்.

இப்போது மழைக்குத் திரும்புவோம். கொழுந்தின் நிறையில் முக்காற்பங்குக்கு மேல் நீரே. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். இது இலைக்குள் இருக்கும் நீர். மழை நாளில் இலையின்மேல் ஒட்டியிருக்கும் நீர் வேறு. அந்நீர் வாட்டுதலைத் தாமதப்படுத்தும், எரிபொருட் செலவைக் கூட்டும். ஆதலால் நிறுவையில் அதனைக் கழிப்பதற்குத் தொழில்நுட்ப நியாயம் ஒன்றுண்டு. எத்தனை கிலோ கழிப்பது என்பதற்கு அத்தகைய நியாயம் காணப்படவில்லை. கூடைக்கும் சாக்குக்கும் ஒரு கழிவு, தண்ணீருக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு ஒரு கழிவு என்று மடுவத்தில் தராசின் முன் நிற்பவர் தம் மதிப்பில் சொல்வதே கணக்காயிற்று. நாட்பேருக்குரிய கிலோ அளவு குறிக்கப்பட்டிருக்கும் நிலையில், இக்கழிவினால் முழுப்பேர் அரைப்பேராகிவிடலாம். அளவுக்கு மேற்பட்டு எடுக்கும் கொழுந்துக்குரிய கிலோக் காசும் குறையும். கழிக்கப்பட்ட கொழுந்து எறியப்படுவதில்லை. அதுவும் ஸ்டோருக்கே போகின்றது, தேயிலையாகின்றது, விற்கப்படுகின்றது. கூலி கொடுக்கப்படாத உழைப்பு என்று மார்க்ஸ் நுண்ணிய ஆய்வால் நிறுவியதை மலையகப் பெண் தராசு முள்ளில் நேரே காண்கிறாள்.

வறண்ட சரிவுகளில் இது ஒரு பருவத்துப் பிரச்சினை. வட்டவளையில் ஆண்டின் பெரும்பகுதிப் பிரச்சினை. நுவரெலியாவையோ ஊவாவையோ வைத்து எழுதப்பட்ட தோட்ட வரலாறுகளில் தண்ணீர்க் கழிவு ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுவதற்கும், இப்பகுதித் தொழிலாளரின் பேச்சில் அது முதலிடம் பெறுவதற்கும் இதுவே காரணம். நாட்டார் பாடல்களிலும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நிறுவையும் திரும்பத் திரும்ப வருகின்றமை மனங்கொள்ளத்தக்கது. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் தொகுத்திராவிடின், தரக் கட்டுப்பாடு பற்றித் தொழிலாளர் தரப்பிலிருந்து எமக்குக் கிடைக்கும் சாட்சியம் மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். அப்பாடல்களைத் தாலாட்டு, ஒப்பாரி, காதல் என்று வகைப்படுத்தி நிறுத்திக்கொள்ளும் எமது நாட்டாரியல், அவற்றைத் தொழில் வரலாற்று மூலங்களாகவும் பயிலவேண்டும்.

இவ்வமைப்பை எதிர்த்தோருள் இருவர் முகாமைத்துவத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் என்பது எமது நோக்கில் முக்கியமானது. கோ. நடேசய்யர் இலங்கைக்கு வருமுன் தஞ்சாவூரில் வணிகக் கல்வியோடு தொடர்புடையவராயிருந்தார். 'வர்த்தக மித்திரன்' என்ற இதழை நடத்தியவர். கணக்கேடு என்றால் என்ன, அதில் எது மறைக்கப்படும் என்பது அவருக்குத் தெரியும். 'தேசபக்தன்' பத்திரிகையிலும், 1931 இல் அட்டனை மையமாகக் கொண்டு அவர் தோற்றுவித்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தின் வாயிலாகவும் அவர் தொழிலாளரிடையே பரப்பியவற்றுள் ஒன்று தம் கணக்கைத் தாமே அறியும் பழக்கம். மற்றவர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில். மடுல்கெலைப் பகுதித் தோட்டமொன்றில் துரைத்தொழில் பழக வந்த இவ்விளைஞர், அதனைத் துறந்து இலங்கை சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி வட்டவளைக்கு அண்மையிலுள்ள நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் தோட்டத் தொழிலாளர் முன் பேசினார். அவரை நாடு கடத்த ஆள்பதி பிறப்பித்த ஆணை உயர்நீதிமன்றத்தில் செல்லாதென்றாயிற்று. வெள்ளைத்துரை ஒருவர் தொழிலாளர் பக்கம் நின்றார் என்பது மட்டுமே துரைமாரின் சினத்துக்குக் காரணமாகப் பொதுவில் சொல்லப்படும். வேலை வாங்கும் கலையை உள்ளிருந்து கற்றவர் அதனை வெளியே சொன்னார் என்பதையும் காரணமாகச் சேர்க்கலாம்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. முற்போக்காளர் பலர் அதனை வரவேற்றனர், வரவேற்றமை தவறன்று. ஆனால் உடைமை மாறிய தோட்டத்தில் பெரட்டு மாறவில்லை, செக்றோல் மாறவில்லை, மடுவத்துத் தராசின் முன் நிற்பவர் மாறவில்லை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த மக்களுக்கு, 'மக்கள் உடைமை' என்னும் சொல்லில் 'மக்கள்' யார் என்ற கேள்வியும் எழுந்தது. உடைமை உறவை மட்டும் நோக்கி, வேலைக் களத்தின் அதிகார உறவை நோக்காது விட்டமை எமது இடதுசாரி ஆய்வின் குறைபாடு என்றே நாம் கருதுகின்றோம். ஹரி பிரேவர்மன் 1974 இல் வெளியிட்ட நூலில், சிந்தித்தல் ஒருவர் கையிலும் செய்தல் வேறொருவர் கையிலும் பிரிக்கப்படுவதே நவீன முகாமைத்துவத்தின் சாரம் என்று காட்டியிருந்தார். அந்நூலை எம்மவர் படித்தனர், மலைக்குக் கொண்டுசெல்லவில்லை. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. நிலம் அரசினது, முகாமைத்துவம் கம்பனியினது என்ற அவ்வேற்பாடு, முகாமைத்துவம் என்பது தனித்து விற்கவும் வாங்கவும் கூடிய பண்டம் என்பதை வெளிப்படையாகவே அறிவித்தது. 2021 இல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தகராறு தொகையைப் பற்றியதாக மட்டும் நிற்கவில்லை; அத்தொகைக்கு எத்தனை கிலோ என்பதாக மாறியது. கூலியில் விட்டுக்கொடுத்ததை அளவையில் மீட்டுக்கொள்ளும் வழி தோட்ட நிருவாகங்களுக்கு நெடுங்காலமாகவே பழக்கமானது.

முகாமைத்துவம் என்பதே முதலாளித்துவச் சூழ்ச்சி, அதனை முற்றாக நிராகரிக்கவேண்டும் என்று வாதிடும் தோழர்களோடு நாம் உடன்படவில்லை. நாளை தோட்டங்கள் அவற்றில் உழைப்போரின் கூட்டுறவுகளுக்கே உரியனவாயினும், வாரத்துக்கொரு சுற்று வரத்தான் வேண்டும். மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டத்தான் வேண்டும். ஈரக் கொழுந்தை ஈரக் கொழுந்தென்று சொல்லத்தான் வேண்டும். பல்லியக் குழுவுக்கு நெறியாளன் வேண்டும் என்ற மார்க்ஸ், அவன் வாத்தியங்களின் உடைமையாளனாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. கழிவை யார் தீர்மானிப்பது, தராசின் முள்ளை யார் யார் பார்ப்பது, நல்ல கொழுந்து எது என்பதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பனவே இன்று எழுப்பவேண்டிய நடைமுறைக் கேள்விகள். இவை சிறிய கேள்விகள் எனத் தோன்றலாம். மாத முடிவில் சம்பளத் துண்டைக் கையில் வாங்குபவருக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இக்கட்டுரைக்காக வட்டவளைப் பகுதித் தோட்டமொன்றின் மடுவத்தில் ஆனி மாதத்து மாலைப்பொழுதொன்றில் நாம் நின்றோம். தூறல் விடவில்லை. தராசு இப்போது இலக்கங் காட்டும் மின்தராசு. கழிவு பழைய முறையிலேயே சொல்லப்பட்டது. மழை நாளில் கழிப்பதைப் பெண்கள் அவ்வளவாகக் குறைசொல்லவில்லை. வெயில் நாளிலும் தண்ணீருக்கென்று கழிக்கப்படுவதையே பேசினர். அவர்களுள் ஒருவர் எம்மைத் தம் லயத்துக்கு அழைத்துச் சென்று, சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பென்சிலால் இரண்டு எண்கள் இருந்தன: தராசு காட்டியது மேலே, கணக்கில் எழுதப்பட்டது கீழே. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் இரவில் எழுதி வைப்பாள் என்றார். முந்திய ஆண்டு நாட்காட்டியும் எறியப்படாமல் அதன் பின்னாலேயே தொங்கிற்று.